ஏற்காட்டு மலையா, அடிவாரமா, ஐந்து ரோடா? வெளிநாட்டிலிருந்து வரும் குடும்பத்துக்குச் சேலத்தில் வீடு

வாசகர் கேள்வி – வழக்கறிஞர் ஆலோசனை

ஆத்தூர்ப் பக்கம் பிறந்து, 16 ஆண்டுகளாக மெல்போர்னில் வாழும் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் இப்போது ஆஸ்திரேலியக் குடிமகள். ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளியைச் சேர்ந்த வெளிநாட்டுக் குடிமக்களுக்கு இந்திய அரசு தரும் அட்டை) வைத்திருக்கிறார். கணவர் ஆஸ்திரேலியர், பொறியாளர். ஓமலூர் சாலையில் உள்ள ஓர் ஆலையில் 3 ஆண்டு வேலைக்காக ஊழிய விசாவில் குடும்பத்தோடு வருகிறார். மகளுக்கு 13 வயது, மகனுக்கு 7. பிள்ளைகள் இருவருக்கும் 2022இல் ஓசிஐ அட்டை வாங்கியிருக்கிறார்கள். மகனுக்குக் குளிர்காலத்தில் மூச்சு இளைப்பு வரும். மகளுக்கு மருத்துவம் படிக்க ஆசை.

“கணவருக்குச் சேலத்து வெயில் ஒத்துக்கொள்ளாது என்று பயமாக இருக்கிறது. அதனால் ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்து வீட்டை வாங்கிக் குடியேறலாம் என்று நினைக்கிறோம். எனக்கு வாங்க முடியாவிட்டால் அப்பா பெயரில் வாங்கலாம் என்கிறார் புரோக்கர். வாடகைக்கு என்றால் 10 மாத அட்வான்ஸ் கேட்கிறார். 11 மாத ஒப்பந்தத்துக்குப் பதிவே தேவையில்லையாம். பள்ளிக்கூடம் எல்லாமே ‘இன்டர்நேஷனல்’ என்றுதான் பெயர் வைத்திருக்கின்றன, எதில் சேர்த்தாலும் ஒன்றுதான் என்றும் சொல்கிறார். எந்தப் பகுதியில் வீடு பார்ப்பது?” இதுதான் கடிதத்தின் சாரம்.

அன்புள்ள சகோதரிக்கு,

புரோக்கர் சொன்ன நான்கில் ஒன்றுகூட அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடியதல்ல. தோட்டத்து வீடு விஷயத்தில் பணமே போய்விடக்கூடும் என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன்.

காபித் தோட்டம் வாங்க முடியாது

ஓசிஐ அட்டை உள்ளவர் இந்தியாவில் வீடு, அடுக்குமாடிக் குடியிருப்பு, கடை ஆகியவற்றை வாங்கலாம். விவசாய நிலம், பண்ணை வீடு, தோட்டப் பயிர் நிலம் இந்த மூன்றையும் வாங்க முடியாது. தானமாகவும் பெற முடியாது. வாரிசுரிமையாக வந்தால் மட்டும் வைத்துக்கொள்ளலாம். அந்நியச் செலாவணி விதிகள் இதைத் தெளிவாகவே சொல்கின்றன. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் “பங்களாவோடு 2 ஏக்கர்” என்று விற்பனைக்கு வருபவற்றில் பெரும்பாலும் காபியும் மிளகும் நிற்கும். பங்களா எவ்வளவு அழகாக இருந்தாலும், நிலம் தோட்டம் என்றால் உங்களுக்கு அது இல்லை. மீறினால் சம்பந்தப்பட்ட தொகையின் 3 மடங்கு வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது.

“அப்பா பெயரில்” என்பது இதைவிட ஆபத்து. பணம் உங்களுடையது, பத்திரம் அப்பா பெயரில் என்றால் அது பினாமிப் பரிவர்த்தனை. மனைவி, கணவர், பிள்ளை பெயரில் தெரிந்த வருமானத்திலிருந்து வாங்குவதற்குச் சட்டம் விலக்குத் தருகிறது. பெற்றோர் பெயரில் வாங்கும்போது, உங்கள் பெயரும் கூட்டு உரிமையாளராகப் பத்திரத்தில் இருந்தால்தான் அந்த விலக்கு கிடைக்கும். தோட்ட நிலத்தில் உங்கள் பெயரைச் சேர்க்கவே முடியாது என்பதால் அந்த வழியும் அடைபடுகிறது. பினாமிச் சொத்தை அரசு பறிமுதல் செய்யலாம். 1 முதல் 7 ஆண்டு வரை சிறையும், சொத்தின் சந்தை மதிப்பில் 25 சதவீதம் வரை அபராதமும் உண்டு. அந்த வழக்கில் உங்களோடு உங்கள் அப்பாவும் நிற்க வேண்டிவரும். அவர் தம் சொந்தப் பணத்தில் தமக்காக வாங்கினால் அது வேறு விஷயம், அதற்குத் தடையில்லை.

எப்படியும் 3 ஆண்டு வேலைக்காக வரும் குடும்பம் முதல் ஆண்டிலேயே எதையும் வாங்க வேண்டாம் என்பேன். வாடகைக்கு இருந்து பாருங்கள்.

மலைமேல் குடியிருப்பது பற்றி

ஏற்காடு கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். மே மாதத்திலும் இரவில் போர்வை வேண்டும் என்பது உண்மை. ஆனால் சேலத்திலிருந்து அடிவாரம் வழியாகப் போகும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். சுமார் 30 கிலோமீட்டர் ஏறி முடிக்க ஒரு மணி நேரம் ஆகும். உங்கள் கணவர் இறங்கி வந்து, அதன்பிறகு நகரத்தைக் கடந்து ஓமலூர் சாலைக்குப் போக வேண்டும். தினமும் போக வர 3 மணி நேரம் வண்டியில் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். சனி ஞாயிறுகளிலும் மே மாதக் கோடை விழா நாட்களிலும் சுற்றுலா வண்டிகள் நிறைந்துவிடும், அப்போது அந்தக் கணக்கும் நிற்காது.

மழைக்காலத்தைத் தனியாக யோசியுங்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. குப்பனூர் வழியாக இன்னொரு பாதை உண்டு. ஆனால் நள்ளிரவில் இளைப்போடு இருக்கும் 7 வயதுப் பிள்ளையை அந்த மழையில் கீழே கொண்டுவருவதை மனத்தில் ஓட்டிப் பாருங்கள். ஏற்காட்டில் அரசு மருத்துவமனை இருக்கிறது. சிறப்பு மருத்துவர்களும் தீவிர சிகிச்சையும் சேலத்தில்தான். பனியும் ஈரச் சுவரும் அவனுக்கு ஒத்துக்கொள்ளுமா என்பதை மெல்போர்னில் அவனைப் பார்க்கும் மருத்துவரிடம் கேட்டு வையுங்கள். குளிர்ந்த காற்று என்றாலே நெஞ்சுக்கு நல்லது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம், எல்லாப் பிள்ளைக்கும் அப்படி இல்லை.

மலைமேல் 1917இல் தொடங்கிய மான்ட்ஃபோர்ட் போன்ற பழம்பெரும் விடுதிப் பள்ளிகள் இருக்கின்றன. பிள்ளைகளை விடுதியில் விடும் எண்ணம் இருந்தால் அது தனித் தீர்மானம். அப்போதும் நீங்கள் இருவரும் கீழே குடியிருந்து, விடுமுறைக்கு மேலே போவதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும்.

பள்ளி முதலில், தெரு பிறகு

வீட்டைப் பிடித்துவிட்டுப் பள்ளி தேடுபவர்கள்தான் அதிகம் சிரமப்படுகிறார்கள். பள்ளியின் பெயரில் ‘இன்டர்நேஷனல்’ இருப்பதால் வெளிநாட்டுப் பாடத்திட்டம் என்று ஆகிவிடாது. அப்படிப் பெயர் வைத்த பல பள்ளிகள் சிபிஎஸ்இ பாடத்திட்டத்தில்தான் நடக்கின்றன. அதில் குறை ஒன்றும் இல்லை, நீங்கள் தெரிந்து சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். கேம்பிரிட்ஜ் பாடத்திட்டம் என்று சொன்னால் கேம்பிரிட்ஜின் இணையதளத்திலும், ஐபி (இன்டர்நேஷனல் பாக்கலோரியட்) என்றால் ஐபி அமைப்பின் தளத்திலும், சிபிஎஸ்இ என்றால் அதன் இணைப்புப் பட்டியலிலும் அந்தப் பள்ளியின் பெயரும் முகவரியும் இருக்கிறதா என்று நீங்களே தேடுங்கள். எந்த வகுப்பு வரை அங்கீகாரம் என்பதையும் பாருங்கள். “விண்ணப்பித்திருக்கிறோம், வந்துவிடும்” என்ற பதிலை நம்பி 13 வயதுப் பிள்ளையைச் சேர்க்காதீர்கள்.

மகனுக்கு எதுவும் பொருந்தும். மகளுக்குத்தான் கணக்குப் போட வேண்டும். சிபிஎஸ்இயில் 9, 10 வகுப்புகள் சேர்ந்து ஒரே ஈராண்டுப் படிப்பு. 11, 12 அதேபோல். நேரடியாக 10ஆம் வகுப்பிலோ 12ஆம் வகுப்பிலோ சேர்ப்பதற்குக் கட்டுப்பாடுகள் உண்டு. எனவே அவள் 9ஆம் வகுப்பின் தொடக்கத்தில் உள்ளே வருவது நல்லது. 3 ஆண்டில் நீங்கள் திரும்பினால் 11 முடித்து 12க்கு முன்னால் கிளம்ப வேண்டிவரும். அதுதான் மோசமான நேரம். அவள் மெல்போர்னில்தான் பள்ளி முடிப்பாள் என்றால், 10ஆம் வகுப்பை முடித்த கையோடு அவளை அங்கே அனுப்பும் ஏற்பாட்டை இப்போதே பேசிவிடுங்கள். ஆஸ்திரேலியாவில் கல்வியாண்டு ஜனவரி முடிவில் தொடங்கி டிசம்பரில் முடியும். இங்கே சிபிஎஸ்இக்கு ஏப்ரல், பல பள்ளிகளில் ஜூன். டிசம்பரில் அங்கே ஆண்டை முடித்துவிட்டு, ஜனவரி, பிப்ரவரியில் இங்கே வீடும் பள்ளியும் பார்த்து, புதிய வகுப்பில் சேர்ப்பது ஒழுங்கான வழி.

இரண்டாம் மொழியையும் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பள்ளிகளில் தமிழ் கட்டாயப் பாடம். தமிழ் பேசத் தெரிந்தும் எழுதத் தெரியாமல், இடையில் வந்து சேரும் பிள்ளைக்குப் பள்ளி என்ன ஏற்பாடு செய்கிறது என்பது உங்கள் மகளுக்கு வீட்டு வாடகையைவிடப் பெரிய விஷயம்.

மருத்துவ ஆசை பற்றி ஒன்று. 2021 மார்ச் 4 தேதியிட்ட மத்திய அரசு அறிவிப்புக்குப் பிறகு, நீட் வழியாகச் சேர்வதில் ஓசிஐ மாணவர்கள் வெளிநாடுவாழ் இந்தியருக்கான இடங்களுக்கு மட்டுமே தகுதியானவர்கள். அந்தத் தேதிக்கு முன்பே அட்டை பெற்றவர்களுக்கு அறிவிப்பு பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2023இல் சொன்னது. உங்கள் மகளின் அட்டை 2022இல் வாங்கியது, ஆகவே அந்தத் தீர்ப்பின் பயன் அவளுக்குக் கிடைக்காது. இங்கே மருத்துவம் படிக்க வேண்டும் என்றால் கட்டணம் மிக அதிகமான இடங்கள்தான் என்று தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். 

எந்தப் பக்கம்?

பள்ளி எந்தச் சாலையில் என்று முடிவானதும் பாதி வேலை முடிந்துவிடும். சேலத்தில் பெரிய வளாகமுள்ள பள்ளிகள் பெரும்பாலும் ஊருக்கு வெளியே செல்லும் சாலைகளில்தான் இருக்கின்றன. கணவரின் ஆலை ஓமலூர் சாலையில் என்பதால், பள்ளி ஆத்தூர் சாலைப் பக்கமோ சீலநாயக்கன்பட்டி தாண்டி நாமக்கல் சாலையிலோ அமைந்தால் குடும்பம் காலையில் இரண்டு திசையில் பிரியும்; நடுவில் வீடு வேண்டும். 

ஃபேர்லேண்ட்ஸ், அழகாபுரம், சுவர்ணபுரி, சாரதா கல்லூரிச் சாலைப் பகுதிகள் அந்த நடுவுக்குப் பொருந்தும். மருத்துவமனை, மருந்துக்கடை, கடைவீதி எல்லாம் பக்கம். புதிதாக வரும் வெளிநாட்டவர் ஒருவர் ஆட்டோவில் ஏறித் தானே போய்வரக்கூடிய பகுதி என்றால் முதலில் இதைத்தான் சொல்வேன். ஐந்து ரோடு, நான்கு ரோட்டுப் பக்கம் காலை 8 முதல் 9.30 வரை நெரிசல் உண்டு. முதன்மைச் சாலையிலிருந்து 2 தெரு உள்ளே தள்ளி வீடு பாருங்கள்.

அமைதி வேண்டுமானால் அஸ்தம்பட்டிக்கு அப்பால் கோரிமேடு, கண்ணங்குறிச்சி, கொண்டப்பநாயக்கன்பட்டி, அடிவாரம். மலை கண்ணெதிரே நிற்கும்; மாலைக் காற்று நகருக்குள் இருப்பதைவிட இதமாக இருக்கும். உங்கள் கணவரின் ஆசைக்கும் நிலைமைக்கும் இடையில் ஒரு சமரசம் என்றால் இதுதான். ஆனால் மாநகராட்சி எல்லையைத் தாண்டினால் பேரூராட்சி அல்லது ஊராட்சி. தண்ணீர் வரும் முறை, குப்பை எடுப்பது எல்லாம் மாறும். புது மனைப்பிரிவுகளில் தெருவிளக்கும் மழைநீர் போகும் வழியும் இருக்கிறதா என்று பாருங்கள்.

குரங்குச்சாவடி, ஜாகீர் அம்மாபாளையம், மாமாங்கம் பக்கம் ஆலைக்கு மிக அருகில். ஆனால் நெடுஞ்சாலை லாரிகளும், அந்தப் பக்கத்து மேக்னசைட் சுரங்கங்களும் இருக்கின்றன. இளைப்பு உள்ள பிள்ளை என்பதால் எல்லாத் தெருவும் கூடாது என்று சொல்லவில்லை; வறண்ட மார்ச் மாதத்தில் போய் மாடிச் சுவரிலும் ஜன்னல் கம்பியிலும் விரலால் தேய்த்து, தூசு எவ்வளவு ஒட்டுகிறது என்று பாருங்கள். அம்மாபேட்டை, குகை, கொண்டலாம்பட்டிப் பக்கம் நல்ல வீடுகள் உண்டு. சில தெருக்களில் விசைத்தறி இரவிலும் ஓடும். அங்கேயே பிறந்தவர்களுக்கு அது தாலாட்டு, புதிதாக வருபவருக்குத் தூக்கம் போய்விடும். திருமணிமுத்தாற்றை ஒட்டிய தாழ்வான தெருக்களில், போன மழைக்குத் தண்ணீர் எதுவரை வந்தது என்று எதிர்வீட்டுப் பெரியவரிடம் கேளுங்கள். வீட்டுக்காரரிடம் கேட்டால் சரியான பதில் வராது.

வீட்டில் பார்க்க வேண்டியவை

தண்ணீர்தான் முதலில். மேட்டூரிலிருந்து வரும் காவிரிக் குடிநீர் எல்லாத் தெருவுக்கும் தினமும் வராது. எத்தனை நாளுக்கு ஒருமுறை, எவ்வளவு நேரம் என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள். ஆளுக்கு நாளைக்கு 135 லிட்டர் என்பது நகரங்களுக்கான பொது அளவு. நால்வருக்கு 540 லிட்டர். 4 நாளுக்கு ஒருமுறை தண்ணீர் என்றால் தரைத் தொட்டி உங்கள் பங்குக்கு மட்டும் குறைந்தது 2,200 லிட்டர் பிடிக்க வேண்டும். மூன்று குடும்பத்துக்குப் பொதுத் தொட்டி என்றால் அதை மூன்றால் பெருக்குங்கள். ஆழ்துளைக் கிணற்று நீரை ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள்: கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள், கடினத்தன்மை 200க்குள் என்பது இந்தியக் குடிநீர்த் தரம். அதற்கு மேலே போகப் போக ஹீட்டரும் வாஷிங் மெஷினும் உப்புப் படிந்து சீக்கிரம் கெடும்.

மேல்மாடி வீட்டை ஏப்ரலில், மதியம் 3 மணிக்குப் பாருங்கள். காலையில் பார்த்துப் பிடித்துப்போன வீடு அந்த நேரத்தில் அடுப்பாக இருக்கலாம். மின் இணைப்புக்குத் தனி மீட்டர் உண்டா என்று கேளுங்கள். பொது மீட்டரில் “யூனிட்டுக்கு இவ்வளவு” என்று வீட்டுக்காரர் வசூலிக்கும் வீடுகளில் வீட்டு உபயோகத்துக்கான 100 இலவச யூனிட்டின் பயன் உங்களுக்கு வராது. பள்ளிப் பேருந்து தெருவுக்குள் வருமா, முனையில்தான் நிற்குமா என்பதைப் பள்ளியிடம் கேளுங்கள். பேருந்தில் உதவியாளர் இருக்க வேண்டும், ஆண்டுதோறும் ஆய்வு நடக்க வேண்டும் என்று 2012ஆம் ஆண்டுப் பள்ளிப் பேருந்து விதிகள் சொல்கின்றன. அந்த ஆய்வுச் சான்றைக் காட்டச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை.

வாடகை ஒப்பந்தம்

தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் புதிய வாடகைச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. 11 மாதம் என்று எழுதினால் பதிவு வேண்டாம் என்பது பழைய பத்திரப் பதிவுச் சட்டத்திலிருந்து வந்த வழக்கம். புதிய சட்டப்படி எத்தனை மாதமானாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். 90 நாளுக்குள் வாடகை அதிகார அமைப்பிடம் பதிய வேண்டும். இணையவழியாகவே பதியலாம், பதிவு எண் கிடைக்கும். பதியாத ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு நாளைக்கு அட்வான்ஸைத் திருப்பிக் கேட்பது கடினம்.

அட்வான்ஸைப் பொறுத்தவரை, வேறு விதமாக ஒத்துக்கொண்டு எழுதாவிட்டால் 3 மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. மாதம் 30,000 ரூபாய் வாடகை என்றால் 90,000. புரோக்கர் கேட்பது 3 லட்சம். 10 மாதம் என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டால் நீங்களே ஒத்துக்கொண்டதாகிவிடும், பிறகு சட்டத்தைக் காட்ட முடியாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள் நியாயமான பிடித்தம் போக மீதியைத் திருப்ப வேண்டும். “பெயின்ட் அடிக்க ஒரு மாத வாடகை” என்று பிடிப்பது இங்கே பழக்கம். அது உண்டா, இல்லையா, எவ்வளவு என்று முதலிலேயே எழுதுங்கள். குடிபோகும் நாளில் எல்லா அறையையும் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள்.

இன்னொரு வரியும் மறக்காமல் சேருங்கள்: கணவரின் வேலையோ விசாவோ முன்கூட்டியே முடிந்தால் 2 மாத முன்னறிவிப்பில், அபராதம் இல்லாமல் காலி செய்யலாம் என்று. வீட்டுக்காரரே வெளிநாட்டில் வசிப்பவராக இருந்தால், வாடகை எவ்வளவு சிறிதானாலும் வருமான வரி பிடித்துக் கட்டும் பொறுப்பு வாடகை கொடுக்கும் உங்களுடையது. இதைத் தெரியாமல் விட்டு, பின்னால் வட்டியோடு கட்டுபவர்கள் உண்டு. ஆடிட்டர் ஒருவரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

வெளிநாட்டவர் பதிவு

வெளிநாட்டவரைக் குடிவைக்கும் வீட்டுக்காரர், அவர்கள் வந்த 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் விவரம் பதிய வேண்டும். ‘சி படிவம்’ என்றே இன்னும் சொல்கிறார்கள். 2025 செப்டம்பர் 1 முதல் இது புதிய குடியேற்றச் சட்டத்தின் கீழ் வருகிறது. உங்கள் நால்வரிடமும் இருப்பது வெளிநாட்டுக் கடவுச்சீட்டு என்பதால் நால்வர் விவரத்தையும் கொடுங்கள். 180 நாளுக்கு மேற்பட்ட ஊழிய விசாவில் வரும் கணவர், வந்த 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் இணையவழியாகத் தம்மைப் பதிந்துகொள்ள வேண்டும். அங்கே முகவரிச் சான்றாகக் கேட்பது வாடகை ஒப்பந்தம், வீட்டுக்காரர் பதிந்த படிவத்தின் நகல் போன்றவற்றைத்தான். ஓசிஐ உள்ள உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் இந்தத் தனிப் பதிவு வேண்டாம். திருமணமாகி 2 ஆண்டு கடந்திருந்தால் கணவரும் ஓசிஐக்கு விண்ணப்பிக்கத் தகுதி உண்டு, அதை இப்போதே யோசிக்கலாம்.

14 நாள் என்பது வீடு தேடுவதிலேயே ஓடிவிடும். ஆலை நிர்வாகம் முதல் மாதத்துக்கு ஹோட்டலோ விருந்தினர் இல்லமோ ஏற்பாடு செய்தால், அந்த முகவரியில் பதிந்துவிட்டு, வீடு மாறியதும் முகவரி மாற்றத்தைத் தெரிவித்தால் போதும். வீட்டுக்காரரிடம் முதல் சந்திப்பிலேயே மூன்று கேள்வி கேட்டுவிடுங்கள்: சி படிவம் பதிவீர்களா, ஒப்பந்தத்தை வாடகை அதிகார அமைப்பில் பதிய வருவீர்களா, வாடகையை வங்கி வழியாக வாங்கிக்கொள்வீர்களா? ஒன்றுக்காவது “அதெல்லாம் எதுக்குங்க” என்று பதில் வந்தால், மலை எவ்வளவு அழகாகத் தெரிந்தாலும் அந்த வீட்டை விட்டுவிட்டு அடுத்த வீட்டைப் பாருங்கள்.